அக்கா தேடிய இரண்டாவது சாட்சி

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலர் போடுவது என்று குடும்பத்தில் முடிவானதும், தாராவியில் அச்சகம் வைத்திருக்கும் நண்பர் பழைய மலர்களிலிருந்து சில வரிகளை எடுத்து அனுப்பி வைத்தார். "அன்பே உருவானவர், பொறுமையின் சிகரம், கடிந்து ஒரு சொல் பேசாதவர்." உறவுமுறையை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும் என்றார். ஆனால் அக்காவிடம் படித்தவர்களும் இந்த மலரைக் கையில் வாங்குவார்கள். பொறுமையின் சிகரம் என்று கண்டால் துக்கத்தையும் மறந்து சிரித்துவிடுவார்கள். அந்த வரிகளை நன்றியோடு திருப்பி அனுப்பிவிட்டு, மாட்டுங்காவில் பாத்திரக் கடையில் வேலை பார்க்கும் நானே எழுத உட்கார்ந்தேன்.

எழுதுவதற்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. அது அக்கா வைத்தது. ஒருவர் மட்டும் சொன்னதை உண்மை என்று எழுதக் கூடாது. இரண்டு பேராவது, ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்காமல், தனித்தனியே சொல்லியிருக்க வேண்டும். சமூக அறிவியல் ஆசிரியையாக இருந்த அக்கா இதை வகுப்பில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்து எங்கள் உயிரை வாங்கினார். இங்கே நான் எழுதியிருப்பவற்றுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். ஓர் இடத்தில் மட்டும் இல்லை. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

அக்கா பிறந்தது திருநெல்வேலிச் சீமையில். ஆனால் அந்த ஊர் அவருக்கு நினைவில் இல்லை. கைக்குழந்தையாக அம்மாவின் மடியில் தாராவிக்கு வந்தவர். நான் தாராவியிலேயே பிறந்தேன். அப்பா தோல் பட்டறையில் தோல் வெட்டும் வேலை செய்தார். ஒரே அறை, மேலே ஒரு பரண், அதற்கு ஓர் இரும்பு ஏணி. பரணில் அக்கா படிப்பார். கீழே மற்ற எல்லாம் நடக்கும்.

அக்கா பத்தாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு மழைக்கால மாலையில், அப்பா காலமானார். நான் அப்போது மிகச் சிறியவன். அப்பா என்றால் சட்டையில் அடித்த தோல் வாசம்தான் எனக்கு மிச்சம்.

இந்த இடத்தில் மற்ற மலர்களில் "எதிர்பாராத விபத்தில்" என்று ஒரு சொல் வரும். போன வாரம் கல்யாணிலிருந்து எங்கள் அத்தை போன் செய்தார்.

"ஏலே, 'விபத்துல'ன்னு ஒரு வார்த்தை சேத்தா உன் கை தேஞ்சா போயிரும்? ஊர் வாயை எத்தனை வருசம் கேட்டாச்சு!"

"அக்கா சேக்கல அத்தை. அம்மா மலர்லயும் சேக்கல."

"அவ ஒரு பிடிவாதக்காரி. நீயும் அப்படியே இரி."

அத்தையின் கோபம் நியாயமானது. சொந்தத் தம்பியைப் பற்றி ஊர் பேசியதை அவர் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். அப்பாவைக் கண்டெடுத்தது தண்டவாளத்தில், குர்லாவுக்கும் சயானுக்கும் நடுவே. பட்டறையை மூடியதில் அவருக்கு வேலை போன சமயம் அது. காலையில் வேலை தேடிப் போனவர் மாலையில் லைனில் கிடந்தார். விழுந்தவரை நேரில் கண்டதாக யாரும் வரவில்லை. காணாதவர்கள்தான் நிறையப் பேசினார்கள். வேலை போன வேதனையில் தானாகப் போய் விழுந்துவிட்டார் என்றார்கள். எங்கள் தெருவில் கொஞ்ச நாளில் அதுவே நடந்த கதை ஆகிவிட்டது.

அம்மா மாட்டுங்காவில் வீட்டு வேலை செய்து எங்களை வளர்த்தார். யார் என்ன சொன்னாலும் பதில் பேச மாட்டார். ஆனால் மழை பெய்யும் நாட்களில், அடுப்பைப் பார்த்துக்கொண்டே, ஒரே கேள்வியைக் கேட்பார். "அன்னைக்கு அவிய வீட்டுக்குத்தான் வந்துகிட்டு இருந்தாகளா?" எங்களைக் கேட்கிறாரா, தன்னையே கேட்டுக்கொள்கிறாரா என்று தெரியாது. ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அம்மாவுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். நான் சொல்லியிருக்கிறேன். அக்கா ஒரு நாளும் சொல்லவில்லை. "தெரியலம்மா" என்பார். அம்மா அந்தக் கேள்வியோடுதான் போய்ச் சேர்ந்தார்.

பகலில் ஒரு டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுத்துக்கொண்டு அக்கா மாலைக் கல்லூரியில் படித்தார். பிறகு ஆசிரியர் பயிற்சி முடித்து மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். கொடுத்த பாடம் சமூக அறிவியல். மற்ற ஆசிரியர்கள் தள்ளிவிடும் பாடம் அது. பிள்ளைகளுக்கும் அது தூக்கம் வரும் பீரியடு.

அந்தத் தூக்கத்தைக் கலைக்க அக்கா முதலில் செய்தது, ஸ்டோர் ரூமில் கிடந்த ஒரு கை போன மர நாற்காலியைக் கழுவி வகுப்பின் முன்னால் போட்டதுதான். அதற்குச் சாட்சி நாற்காலி என்று பெயர். பாடத்தைத் திறப்பதற்கு முன், அந்தப் பாடம் யார் வாழ்க்கையைத் தொட்டிருக்கிறதோ அவரைத் தேடி அழைத்துவந்து அதில் உட்கார வைப்பார். தொழில்கள் பற்றிய பாடத்துக்கு அப்பாவின் பழைய பட்டறை முதலாளி மைதீன் பாய் வந்தார். இடம்பெயர்தலுக்கு மாட்டுங்கா கோயில் வாசலில் பூ விற்கும் அம்மாள் வந்தார். உள்ளாட்சிப் பாடத்துக்குத் தெருக் குழாய்க்காக வார்டு ஆபீசுக்கு நடையாய் நடந்த இரண்டு பெண்கள் வந்தார்கள். எந்தத் தெருவுக்கு முதலில் குழாய் வந்தது என்பதில் அந்த இருவருக்கும் வகுப்பிலேயே சண்டை மூண்டுவிட்டது. பிள்ளைகளுக்கு அன்று திருவிழா. அடுத்த நாள் பிள்ளைகளை இரண்டு தெருவுக்கும் அனுப்பி, குழாய்களைக் குறித்துப் படம் வரையச் சொல்லி, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வைத்தார். அந்தப் பிள்ளைகள் உள்ளாட்சிப் பாடத்தை மறந்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

கேள்வி கேட்பதற்கு ஒரு முறை இருந்தது. எடுத்த எடுப்பில் "ஏன்" என்று கேட்கக் கூடாது. எப்போது, எங்கே, கூட யார் இருந்தார்கள், நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பதையெல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் ஏன். முதலிலேயே ஏன் என்று கேட்டால் மனிதர்கள் கதை கட்ட ஆரம்பித்துவிடுவார்கள் என்பார். நமக்கு வேண்டிய பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்டால் வெளியே போ என்று கதவைக் காட்டுவார். கரும்பலகையில் நடுவே ஒரு கோடு இருக்கும். இடப் பக்கம் "உறுதி", வலப் பக்கம் "ஒரு சாட்சி". இரண்டாவது ஆள் கிடைக்கும்வரை எதுவும் கோட்டைத் தாண்டாது. பிறகு பாடப் புத்தகத்தைத் திறந்து, "இதுக்கு யாரு சாட்சி? கண்டுபிடிங்க" என்பார்.

எல்லோருக்கும் இது பிடித்துவிடவில்லை. "டீச்சர், இந்த டைம்பாஸ் எல்லாம் எக்ஸாம்ல வருமா?" என்று ஒரு தகப்பனார் சண்டைக்கு வந்தார். தலைமையாசிரியர் ஒருவர் நாற்காலியை ஸ்டோர் ரூமுக்கே திருப்பி அனுப்பினார். அக்கா அதை மறுபடி எடுத்துவந்தார். தேர்வு நெருங்கியதும் அதே அக்கா ஈவு இரக்கமில்லாமல் கேள்வி பதிலை உருப்போட வைப்பார். எழுதவில்லை என்றால் சாக்பீஸ் பறக்கும். அச்சக நண்பர் அனுப்பிய வரிகளை நான் ஏன் திருப்பி அனுப்பினேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

வீட்டிலும் இதே தொல்லைதான். யாரைப் பற்றியும் எங்களால் வம்பு பேச முடியாது. "யாரு பாத்தது?" என்று ஒரு கேள்வி வரும். பேச்சு அதோடு படுத்துவிடும். அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை மஸ்கட்டில் சூப்பர்வைசர் என்றார்கள். அக்கா காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அங்க போய்ப் பாத்தவுக யாராவது இருக்காகளா?" என்று கேட்டார். வந்தவர்கள் காபியை முடிக்காமலே எழுந்தார்கள். அதன் பிறகு வரன் எதுவும் வரவில்லை. அக்கா அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. வருந்தியிருந்தாலும் எங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

கடைசி ஆண்டுகள் நல்ல ஆண்டுகள் அல்ல. பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியத்துக்குப் போனார்கள். வகுப்பில் பெஞ்சுகள் காலியாகிக்கொண்டே வந்தன. மிச்சம் இருந்தவர்களும் இடைவேளையில் இந்தியில்தான் பேசினார்கள். நாற்காலிக்கு வரக்கூடியவர்களும் ஒவ்வொருவராகக் கண்ணை மூடினார்கள். மைதீன் பாயின் மய்யத்து அடக்கத்துக்குப் போய்விட்டு வந்த அன்று அக்கா சாப்பிடவில்லை. அவரிடம் கேட்க இன்னும் நிறைய இருந்தது என்று மட்டும் சொன்னார்.

அப்போதுதான் ஒரு பெரியவர் வந்தார். போக்குவரத்துப் பாடம், தலைப்பு ரயில். செல்வி என்ற மாணவி, தன் அம்மாவைப் பெற்ற தாத்தா ரயில்வேயில் தண்டவாள வேலை பார்க்கும் கேங்மேனாக இருந்தவர் என்று சொல்லி அவரை மான்குர்த்திலிருந்து அழைத்துவந்தாள். இதற்கு எனக்கு இரண்டு சாட்சிகள். ஒருவர் செல்வி. இன்னொருவர் பக்கத்து வகுப்பு ரெஜினா டீச்சர். அவர் வகுப்பறை ஒழுகியதால் அன்று தன் பிள்ளைகளோடு அக்காவின் வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்தார்.

பெரியவர் தண்டவாளம், கட்டை, கல் எல்லாவற்றையும் பற்றிச் சொன்னார். மறக்க முடியாத நாள் எது என்று ஒரு பிள்ளை கேட்டது.

"ஒரு நாள் பேய் மழை. குர்லா தாண்டி லைன்ல தண்ணி. வண்டி எல்லாம் நின்னு போச்சு. சனங்க இறங்கித் தண்டவாளத்துலயே நடந்தாக. நாங்க கொடியக் காட்டி ஓரமாப் போங்க, ஓரமாப் போங்கன்னு கத்துதோம். மழைச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? நின்ன வண்டியில ஒண்ணு தண்ணி வடியவும் மெல்ல எடுத்துட்டான். முன்னால ஒரு ஆளு போனாரு. நம்ம ஆளு. எங்களத் தாண்டும்போது தோல் வாசம் அடிச்சுது. ஒரு பைய நெஞ்சோட சேத்துப் பொத்திப் பிடிச்சிருந்தாரு, நனையக் கூடாதுன்னு. குனிஞ்சே நடந்தாரு. பாக்கல."

 பிறகு பம்பாய்ப் பிள்ளைகள் கேட்க வேண்டியதைக் கேட்டார்கள்.

"ஃபாஸ்ட் லைனா, ஸ்லோ லைனா தாத்தா?"

"ஸ்லோ."

"நீங்க எங்க நின்னீங்க?"

"ஒரு கம்பம் தள்ளி."

"பையில என்ன இருந்துச்சு?"

பெரியவர் சொன்னார். அவரே அந்தப் பையை எடுத்து ஓரமாக வைத்தாராம். புதிதாக வாங்கிய ஒரே ஒரு பொருள். அந்த ஆளின் உடம்பில் இருந்த ஓர் அடையாளத்தையும் சொன்னார். எங்கள் அப்பாவுக்கு அப்படி ஓர் அடையாளம் உண்டு. ஆனால் பெரியவர் இடம் வலம் மாற்றிச் சொன்னார். பை எங்களிடம் வந்து சேரவே இல்லை.

அப்போது செல்வி, டீச்சர் சொல்லிக் கொடுத்தபடியே, "வேற யாரு பாத்தாங்க தாத்தா?" என்று தன் தாத்தாவையே கேட்டாள்.

"என் கூட வேலை செஞ்சவன் பாத்தான். அவன் போய்ச் சேந்துட்டான்."

செல்வி எழுந்து போய்க் கரும்பலகையில் வலப் பக்கம் எழுதினாள். அக்கா பின் பெஞ்சுப் பக்கம் நின்றிருந்தார். ஒரு பிள்ளை திரும்பி, "அவரு யாரு டீச்சர்?" என்றது.

"தெரியல" என்றார் அக்கா. "செல்வி சரியான பக்கத்துலதான் எழுதியிருக்கா. இன்னும் ஒரு சாட்சி வேணும்."

பீரியடு முடியும் வரை பாடம் நடத்தினார். மணி அடித்த பிறகு, யாரும் இல்லாத வகுப்பில், அந்தக் கை போன நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்ததை ரெஜினா டீச்சரும் செல்வியும் பார்த்திருக்கிறார்கள். அத்தனை வருடத்தில் அக்கா அதில் உட்கார்ந்ததே இல்லையாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்துக்கொண்டு மான்குர்த் போனார். என்ன விஷயம் என்று என்னிடம் ரயிலில்தான் சொன்னார்.  நேராகப் போய் அந்தப் பெரியவரின் காலில் விழ வேண்டும் போல் இருந்தது.

"நாம யாருன்னு நீ சொல்லப்படாது" என்றார் அக்கா. "சொன்னா அவரு நம்ம மூஞ்சியப் பாத்துப் பேசுவாரு. பாத்ததச் சொல்ல மாட்டாரு."

அங்கே செல்வியும் இருந்தாள். பெரியவர் மறுபடியும் எல்லாம் சொன்னார். உடம்பில் இருந்த அடையாளத்தை இந்த முறை வேறு பக்கம் சொன்னார். பையில் இருந்த பொருளை மட்டும் மாற்றவில்லை. சொல்லி முடித்துவிட்டு அக்காவையே பார்த்தார்.

"ஏம்மா, அந்த ஆளு உனக்கு என்ன வேணும்?"

"நான் டீச்சர் ஐயா. பாடத்துக்குக் கேக்கேன்" என்றார் அக்கா.

பொய் பேசாத அக்கா அன்று பாதியைத்தான் சொன்னார். திரும்பி வரும்போது ரயிலில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குர்லா வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.  பெரியவர் அந்த மழைக்காலம் முடிவதற்குள் காலமானார்.

அதற்குப் பிறகு அக்காவும் அதிக நாள் இருக்கவில்லை. களைப்பு என்று நினைத்தது ஈரலில் வந்த நோய் என்று தெரியும்போது எல்லாம் கை மீறியிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வயிறு வீங்கிக் கிடந்த நிலையிலும், தன் வகுப்புக்குப் பாடம் யார் நடத்துகிறார்கள் என்று ரெஜினா டீச்சரைக் கேட்டார். ஒரு மத்தியானம் நாங்கள் இருவரும் தனியாக இருந்தோம். இரண்டாவது சாட்சி இல்லாத இடம் என்று நான் முதலில் சொன்னது இதுதான். சொல்வது நான் ஒருவன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

"அது அப்பாதான் அக்கா. வீட்டுக்குத்தான் வந்துகிட்டு இருந்தாரு. நம்பிட்டுப் போயேன்" என்றேன்.

அக்கா என் பக்கம் தலையைத் திருப்பினார். பிறகு, அந்தப் பையில் இருந்த பொருளை அன்று காலையில் அப்பாவிடம் வாங்கி வரச் சொல்லிக் கேட்டதே தான்தான் என்று சொன்னார். அம்மாவுக்குக்கூடத் தெரியாமல், ஏணியில் நின்றுகொண்டு கேட்டாராம். அப்பா சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போனாராம். வீட்டுக்குத் திரும்பாமல் இருக்க நினைக்கிறவர் வாங்கக்கூடிய பொருள் அல்ல அது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அப்போ நீயே ரெண்டாவது சாட்சி அக்கா!"

"இல்லலே. நான் சாட்சி இல்ல, வழக்குல கட்சிக்காரி. அவரு வீட்டுக்கு வந்துகிட்டு இருந்தாருன்னு நெனைச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும். அப்படிப்பட்டவ பேச்சு செல்லாது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "நெசமா இருக்கணும்னு ரொம்ப ஆசையா இருக்குலே" என்றார். அக்கா அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அந்த வாரமே போய்விட்டார்.

அக்காவைத் தோளில் சுமந்தவர்களுக்கும், இரத்தம் கொடுத்த பழைய மாணவர்களுக்கும், கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் அம்மாக்களுக்கும், கோபித்துக்கொண்டாலும் காரியங்கள் முடியும்வரை எங்கள் வீட்டில் அடுப்பை அணையவிடாமல் சமைத்துப் போட்ட அத்தைக்கும், ரெஜினா டீச்சருக்கும், செல்விக்கும் எங்கள் குடும்பம் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறது. அந்த நாற்காலி இப்போது ரெஜினா டீச்சரின் வகுப்பில் இருக்கிறது.

இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்த மாலையில் லைனில் இறங்கி நடந்தவர்கள் நிறையப் பேர். அவர்களில் தாராவிக்காரர்கள், செம்பூர்க்காரர்கள், நம் ஆட்கள் யாராவது இருந்திருப்பார்கள். இந்த மலரை வாங்கிய வீடுகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது, பெரியவர்களுக்குக் கண் தெரியாது. தயவுசெய்து யாராவது ஒருவர் வாசித்துக் காட்டுங்கள். பார்த்தவர் ஒருவர் இருந்தால் அவரை என்னிடம் அழைத்து வாருங்கள். எப்போது, எங்கே, கூட யார் என்றுதான் முதலில் கேட்பேன். ஏன் என்று கேட்கவே மாட்டேன்.

அந்தப் பையில் என்ன இருந்தது என்று வேண்டுமென்றேதான் இங்கே எழுதவில்லை. தெரிந்தவர்கள் யாரும் வெளியே சொல்ல வேண்டாம். அவர் வாயால் அது வரட்டும். வந்துவிட்டால், அம்மா படத்துக்கும் அக்கா படத்துக்கும் முன்னால் நின்று, ஆமாம், அப்பா வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தார் என்று நான் சொல்ல வேண்டும்.